ஹென்சார்டின் வீழ்ச்சிக்கு யார் பொறுப்பு?

கேள்வி இதுதான்: தாமஸ் ஹார்டியின் 'தி மேயர் ஆஃப் கேஸ்டர்பிரிட்ஜ்' நாவலில் மைக்கேல் ஹென்சார்ட் ஓர் ஊரின் உச்சிக்கு ஏறி, எல்லாவற்றையும் இழந்து, புதர்க்காட்டுக் குடிசை ஒன்றில் சாகிறான். இதற்கு யார் பொறுப்பு? அவனுடைய குணமா, விதியா, போட்டியாளன் ஃபார்ஃப்ரேயா, ஊராரா?

வழக்கமான பதில்கள் எல்லாம் ஒரே ஒரு வீழ்ச்சியை வைத்துக்கொண்டு பேசுகின்றன. நாவலில் வீழ்ச்சி இரண்டு. தொழிலும் பதவியும் வீடும் போவது ஒன்று. எலிசபெத்-ஜேன் என்ற மகளை இழப்பது இன்னொன்று. முதலாவது அவனைத் திவாலாக்குகிறது, ஆனால் அதற்குப் பிறகும் அவன் கூலி வேலை செய்து பிழைத்துக்கொள்கிறான். இரண்டாவதுதான் அவனைக் கொல்கிறது. இரண்டையும் சேர்த்துக் கட்டி 'யார் பொறுப்பு' என்று கேட்டால் பதில் குழம்பத்தான் செய்யும். என் கணிப்பு இது: முதல் வீழ்ச்சியில் பலருக்குப் பங்கு இருக்கிறது, மழைக்கும் இருக்கிறது. இரண்டாவதில் பெரும்பங்கு அவனுடையதுதான். இரண்டையும் இணைப்பது மனைவியை விற்ற பாவம் என்று பலர் எழுதுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. இணைப்பது அவனுடைய இரண்டு பழக்கங்கள்: கோபமோ பாசமோ பொங்கிய அதே நிமிடத்தில், திரும்பப் பெற முடியாத ஒரு காரியத்தைச் செய்துவிடுவது, பிறகு அதை மூடி மறைப்பது.

கதை மறந்தவர்களுக்காகச் சுருக்கம். உலர்புல் கட்டும் கூலியான ஹென்சார்ட், 21 வயதில், வெய்டன்-ப்ரையர்ஸ் சந்தையில் குடிபோதையில் மனைவி சூசனையும் கைக்குழந்தையையும் நியூசன் என்ற மாலுமிக்கு ஐந்து கினிக்கு (ஒரு கினி என்பது ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும்) விற்கிறான். மறுநாள் மாதாகோயிலுக்குள் போய், இதுவரை வாழ்ந்த ஆண்டுகளுக்குச் சமமாக இன்னும் 21 ஆண்டு மதுவைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்கிறான். ஏறத்தாழ பதினெட்டு ஆண்டு கழித்து சூசன் மகளோடு தேடி வரும்போது அவன் கேஸ்டர்பிரிட்ஜின் பெரிய தானிய வியாபாரி, ஊரின் மேயர். அதே நாளில் டொனால்ட் ஃபார்ஃப்ரே என்ற ஸ்காட்லாந்து இளைஞனும் அந்த ஊர் வழியாகப் போகிறான். ஹென்சார்ட் அவனை மன்றாடி நிறுத்தி மேலாளராக்குகிறான், பிறகு விரட்டுகிறான். அவனோடு போட்டி போட்டுத் தோற்கிறான். முன்பு தான் மணப்பதாகச் சொன்ன லூசெட்டாவும் ஃபார்ஃப்ரேயை மணக்கிறாள். கடைசியில் மகளும் அவனையே மணக்கிறாள்.

பொறுப்பை எடைபோட, ஒவ்வொரு திருப்பத்திலும் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் அவனுக்கு என்ன தெரிந்திருந்தது? வேறு வழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததா? திருத்திக்கொள்ள வாய்ப்பு வந்தபோது என்ன செய்தான்? மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. தவறு செய்த நொடியை மட்டும் பார்த்துவிட்டு, அதற்குப் பிந்தைய அவகாசத்தை விட்டுவிடுகிறார்கள்.

சந்தைக் கூடாரத்திலிருந்து தொடங்கலாம். பீர் விற்கும் கூடாரத்துக்குள் அவன் போகாமல் தடுத்து, பக்கத்திலிருந்த ஃபர்மிட்டிக் கூடாரத்துக்கு அழைத்துப் போனவள் சூசன்தான். ஃபர்மிட்டி என்பது கோதுமை, பால், உலர்திராட்சை எல்லாம் சேர்த்துக் காய்ச்சும் கஞ்சி. அதில் கிழவி திருட்டுத்தனமாக ரம் ஊற்றிக் கொடுக்கிறாள். ஆனால் ஏமாற்றி ஊற்றவில்லை. அவன் கண்ணால் சைகை காட்டிக் கேட்டு வாங்குகிறான். ஏலம் போடுவதும் முதலில் கேலியாகத்தான் தொடங்குகிறது, சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். மாலுமி உண்மையான பணத்தை மேசையில் வைத்த பிறகுதான் விஷயம் விளையாட்டில்லை என்று எல்லோருக்கும் உறைக்கிறது. அப்போதும் யாரும் எழுந்து தடுக்கவில்லை. சூசன் எச்சரிக்கிறாள்: பணத்தைத் தொட்டால் நான் போய்விடுவேன். அவன் தொடுகிறான். எச்சரிக்கை கிடைத்தது, நிறுத்த நேரமும் இருந்தது. இந்தச் செயலுக்கான பொறுப்பை அவனிடமிருந்து எடுத்து வேறு யார் தலையிலும் வைக்க முடியாது.

இங்கே காலப் பின்னணி கொஞ்சம் தேவை. இங்கிலாந்தில் சாதாரண ஆள் நீதிமன்றம் மூலம் முழு விவாகரத்து பெற வழிசெய்த சட்டம் 1857இல்தான் வந்தது. அதற்கு முன் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டும், அது பணக்காரர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும். ஏழைகளிடையே மனைவியை 'விற்கும்' வழக்கம் ஆங்காங்கே இருந்தது. சட்டப்படி செல்லாது, ஆனாலும் சம்பந்தப்பட்டவர்கள் பலர் செல்லும் என்றே நம்பினார்கள். சூசனும் அப்படி நம்பித்தான் நியூசனோடு வாழ்ந்தாள். நாவலின் அடித்தளமான மூன்று சம்பவங்களில் மனைவி விற்பனையும் ஒன்று என்றும், அவை நிஜமாகவே அந்த வட்டாரத்தில் நடந்தவை என்றும் ஹார்டி முன்னுரையில் சொல்கிறார். மற்ற இரண்டு, வெளிநாட்டுத் தானியத்துக்குத் தீர்வை விதித்த தானியச் சட்டங்கள் நீக்கப்படுவதற்கு முந்தைய நிச்சயமற்ற அறுவடைகளும், அரச குடும்பத்தார் ஒருவரின் வருகையும். இந்தப் பின்னணி ஹென்சார்டை மன்னிக்காது. கூடாரத்தில் இருந்தவர்கள் ஏன் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்பதை விளக்கும், அவ்வளவுதான்.

இனி மூன்றாவது கேள்வி. அவன் விழித்ததும் மாதக்கணக்கில் அவர்களைத் தேடுகிறான். சத்தியத்தை முழுக் காலமும் காப்பாற்றுகிறான். சூசன் திரும்பி வந்ததும் ஐந்து பவுண்டு நோட்டோடு ஐந்து ஷில்லிங்கும் சேர்த்து அனுப்புகிறான். அது சரியாக ஐந்து கினி. விற்ற விலைக்கே திரும்ப வாங்குகிறான், வாய்விட்டு எதுவும் சொல்லாமல். பிறகு ஊரறிய அவளையே மறுபடி மணக்கிறான். இவ்வளவும் செய்தவனை அந்த ஒரு மாலையின் பெயரால் மட்டும் தண்டிப்பது சரியாகாது. அந்த விற்பனை பெரிய குற்றம்தான். ஆனால் அது அவனை வீழ்த்தியிருக்க வேண்டிய அவசியமில்லை. விற்றதைவிட, விற்றதை மறைத்ததுதான் பின்னால் பழிவாங்குகிறது. மகளிடம்கூட அவன் சொல்வதில்லை. சூசனைப் புதிதாகச் சந்தித்துக் காதலித்தவன்போல் நாடகம் நடத்துகிறான்.

முதல் வீழ்ச்சியின் உண்மையான திருப்பம் ஃபார்ஃப்ரேயை வேலையிலிருந்து நீக்கியது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இதில் விதிக்கு இடமே இல்லை. ஹென்சார்ட் முளைவிட்ட கோதுமையை ஆலைக்காரர்களுக்கும் ரொட்டி சுடுபவர்களுக்கும் விற்று, ஊரே கெட்ட ரொட்டி தின்று முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போது, அதை ஓரளவு சரிசெய்யும் வழியை ஒரு காசும் வாங்காமல் சொல்லிக்கொடுத்தவன் ஃபார்ஃப்ரே. அவன் வந்த பிறகுதான் கணக்குகள் பேரேட்டுக்கு வருகின்றன. அதுவரை எல்லாம் வாய்ப்பேச்சும் மனக்கணக்கும் கண்ணளவும்தான். அந்த முதல் நாட்களிலேயே ஹென்சார்ட் மனைவியை விற்ற ரகசியத்தையும், ஜெர்சி தீவுப் பெண்ணான லூசெட்டாவோடு இருந்த தொடர்பையும் அவனிடம் கொட்டிவிடுகிறான். பாசம் வந்தால் அளவில்லை. ஃபார்ஃப்ரே அந்த ரகசியத்தை ஒருநாளும் அவனுக்கு எதிராகப் பயன்படுத்தவில்லை என்பதை, அவனை வில்லனாக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

பிளவு ஏபல் விட்டில் விஷயத்தில் தொடங்குகிறது. எழுந்திருக்கத் தாமதிக்கும் அந்த வேலையாளை, கால்சட்டை போடக்கூட விடாமல் வேலைக்கு விரட்டுகிறான் ஹென்சார்ட். ஃபார்ஃப்ரே எல்லோர் முன்னிலையிலும் அந்த உத்தரவை ரத்துசெய்து, இவன் இப்படியே போனால் நான் விலகுகிறேன் என்கிறான். நியாயம் ஃபார்ஃப்ரே பக்கம்தான். ஆனால் விட்டிலின் தாய்க்கு முந்தைய குளிர்காலம் முழுக்க நிலக்கரியும் மூக்குப்பொடியும் கொடுத்துப் பார்த்துக்கொண்டவன் இதே ஹென்சார்ட். நாவலின் கடைசிப் பக்கங்களில் இந்தக் கடனைத் திருப்பிச் செலுத்த வருபவன் விட்டில் ஒருவன்தான்.

அடுத்தது ஊர்க் கொண்டாட்டம். ஹென்சார்ட் மேட்டுவெளியில் எல்லோருக்கும் இலவசக் கேளிக்கை ஏற்பாடு செய்கிறான், மழை கெடுத்துவிடுகிறது. ஃபார்ஃப்ரே மரங்களுக்கிடையே தார்ப்பாய் கட்டிக் கூடாரம் போட்டு, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி நடத்தியது களைகட்டுகிறது. யாரோ கிண்டல் செய்ய, இவன் என்னிடம் இருக்கும் காலம் முடியப்போகிறது என்று ஹென்சார்ட் வாய்விடுகிறான். மறுநாள் காலையிலேயே வருந்துகிறான். ஆனால் ஃபார்ஃப்ரே அதை உண்மையாக எடுத்துக்கொண்டுவிட்டான். ஒரு வார்த்தை போதும், அவனைத் திரும்ப அழைக்க. ஹென்சார்ட் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. மூன்று கேள்விக்கும் இங்கே பதில் அவனுக்கு எதிராகவே வருகிறது: மேலாளரின் மதிப்பு அவனுக்குத் தெரியும், மாற்று வழி இருந்தது, திருத்த அவகாசமும் இருந்தது.

பழைய முறை வியாபாரம் புதிய முறையிடம் தோற்றது, ஹென்சார்ட் அந்த மாற்றத்துக்குப் பலியானவன் என்று ஒரு வாதம் உண்டு. பாதி சரி. ஃபார்ஃப்ரேயிடம் பேரேடு இருக்கிறது, விதைப்பு இயந்திரத்தில் ஆர்வம் இருக்கிறது; ஹென்சார்டிடம் உழைப்பும் உரத்த குரலும் இருக்கின்றன. ஆனால் புதிய முறையைத் தன் வாசலுக்குள் முதலில் அழைத்து வந்தவனே ஹென்சார்ட்தான். வரலாறு அவனைத் தள்ளிவிடவில்லை. கையில் கிடைத்த வரலாற்றை அவனே வெளியே அனுப்பினான். அனுப்பிவிட்டு அந்த இடத்துக்கு யாரை எடுத்தான்? ஜாப் என்பவனை. முன்பு இதே வேலைக்கு வரச்சொல்லி, ஃபார்ஃப்ரே கிடைத்ததும் தாமதமாகிவிட்டது என்று திருப்பி அனுப்பிய அதே ஆளை. மனக்கசப்போடு இருப்பவன், திறமையும் குறைவு. அவனுக்கு இடப்பட்ட வேலையோ ஃபார்ஃப்ரேயைத் தொழிலில் நசுக்குவது.

தானிய ஊகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் 'விதி' வாதத்தின் முக்கியமான சாட்சியம் இதுதான். கதை நடக்கும் காலத்தில் வெளிநாட்டுத் தானியத்துக்குத் தீர்வை இருந்தது. 1846இல்தான் தானியச் சட்டங்கள் நீக்கப்பட்டன. அதனால் உள்ளூர் அறுவடை கெட்டால் விலை எகிறும், நல்ல வெயில் அடித்தால் சரியும். வானத்தைப் பார்த்து விலை நகரும். இந்தச் சந்தையில் எல்லா வியாபாரியும் வானிலையை வைத்து ஊகம் செய்தான். ஹென்சார்ட் ஊகம் செய்தது தவறில்லை. அளவும் நோக்கமும்தான் தவறு. ஃபால் என்ற வானிலைக் குறிகாரனிடம் யாருக்கும் தெரியாமல் இரவில் போய்க் கேட்கிறான். அறுவடைக் காலம் மழையில் கெடும் என்கிறான் குறிகாரன். ஹென்சார்ட் ஊரே பேசும் அளவுக்குத் தானியம் வாங்கிக் குவிக்கிறான். லாபம் அவனுக்கு இரண்டாம்பட்சம், ஃபார்ஃப்ரேயை வீழ்த்துவதே முதல் நோக்கம். பிறகு வெயில் அடிக்கிறது. விலை விழுகிறது. கடன்காரர்கள் நெருக்க, அவன் அடிமட்ட விலைக்கு விற்கிறான், சொத்தின் பெரும்பகுதி வங்கியின் பிடிக்குள் போகிறது. விலை குறைந்தபோது ஃபார்ஃப்ரே வாங்கிக்கொண்டான். அறுவடை தொடங்கியதும் வானிலை மறுபடி கெடுகிறது, குறிகாரன் சொன்னது கிட்டத்தட்ட பலித்துவிடுகிறது! இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் லாபம் இல்லாவிட்டாலும் நஷ்டத்தையாவது தவிர்த்திருப்பான் என்று கதைசொல்லியே குறிப்பிடுகிறார்.

மழை தாமதித்தது அவன் கையில் இல்லை. ஆனால் சில வாரம் தாக்குப்பிடிக்க முடியாத அளவுக்குக் கடனில் வாங்கியது அவன் கையில் இருந்தது. இருப்பு பாதியாக இருந்திருந்தால் இதே வானிலையில் பிழைத்திருப்பான். எனவே விதிக்கு இங்கே ஒரு பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பங்கு அவனைக் கொல்லும் அளவுக்குப் பெருகியது அவன் போட்ட பந்தயத்தின் அளவால். நஷ்டம் வந்ததும் ஜாப்பைப் பிடித்துத் திட்டி, ஏன் தடுக்கவில்லை என்று கேட்டு நீக்குகிறான். உங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள் என்றுதானே சொன்னேன் என்கிறான் ஜாப். ஒரு பகையாளி கூடுதலாகக் கிடைத்ததைத் தவிர இதில் பயனில்லை. கடைசி அடிகள் சின்னவை: தாராளமாக நம்பிக் கடன் கொடுத்த ஒருவன் நொடிக்கிறான், மாதிரிக்கும் சரக்குக்கும் பொருந்தாமல் வேலையாள் ஒருவன் செய்த குளறுபடியில் பெயர் கெடுகிறது.

இதற்கிடையில் நீதிமன்றக் காட்சி. ஃபர்மிட்டிக் கிழவி அநாகரிகமாக நடந்துகொண்ட வழக்கில் கொண்டுவரப்படுகிறாள். நீதிபதி இருக்கையில் ஹென்சார்ட். என்னை விசாரிக்க இவனுக்கு என்ன யோக்கியதை, மனைவியை விற்றவன் இவன் என்கிறாள் அவள். பக்கத்தில் இருக்கும் நீதிபதி இது இட்டுக்கட்டிய கதை என்று ஒதுக்கப் பார்க்கிறார். ஹென்சார்ட் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலே போதும். இல்லை, அவள் சொல்வது உண்மை என்று அவனே சொல்லி இருக்கையைவிட்டு இறங்குகிறான். தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் 'யானோ அரசன், யானே கள்வன்' என்று அரியணையிலேயே ஒப்புக்கொண்ட பாண்டியன் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டான். தீர்ப்புச் சொல்லும் இடத்திலிருந்தே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் மனிதன். நாவலில் அவன் மிக உயரமாக நிற்பது இங்கேதான். அவனது நல்ல செயலே அவனைக் கீழே தள்ளுகிறது என்பதால், 'கெட்ட குணத்தால் கெட்டான்' என்ற எளிய சூத்திரம் இங்கே உடைந்துபோகிறது.

ஹென்சார்டின் சரிவு இந்தச் சம்பவத்தில்தான் திரும்புகிறது என்று கதைசொல்லி சொல்கிறார். விற்பனையே காரணம் என்பவர்கள் இதை மேற்கோள் காட்டுவார்கள். அதற்குச் சற்று முன் வருவதை விட்டுவிடுவார்கள். அந்த விஷயம் ஊருக்கு எப்போதும் தெரிந்திருந்தால் இளமைக்காலத் தறுதலைத்தனம் என்று லேசாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். புதைந்து கிடந்ததால்தான் நேற்றுச் செய்த குற்றம்போலத் தெரிந்தது என்கிறார் அவர். அவன் மறைத்ததை நான் குற்றவாளியாக்குவது இதை வைத்துத்தான்.

'குணமே விதி' என்ற ஜெர்மானியக் கவிஞர் நோவாலிஸின் வாசகத்தையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்தக் கேள்விக்கான பதில்களில் அது இல்லாமல் இருப்பதில்லை. அது வரும் இடம் 17ஆம் அத்தியாயம். அங்கே பேச்சு ஃபார்ஃப்ரே தனிக்கடை வைத்து எப்படித் தழைக்கிறான் என்பதைப் பற்றியது. ஃபார்ஃப்ரேயின் குணம் ஹென்சார்டின் குணத்துக்கு நேர்மாறு என்று வாக்கியம் தொடர்கிறது. ஹென்சார்ட் மேல் கதைசொல்லி எழுதிய இறுதித் தீர்ப்பாக அதை எடுத்து ஒட்டுவது பொருந்தாது. இன்னொன்று: அவனை மேயராக்கியதும் இதே குணம்தான். ஒரு சத்தியத்தை 21 ஆண்டு காப்பாற்றும் பிடிவாதமும், நினைத்ததை உடனே செய்யும் வேகமும் இல்லையென்றால் புல்கட்டும் கூலி தானிய வியாபாரியாகியிருக்க முடியாது. அப்படியானால் குணம் அவனைக் கெடுத்தது என்பது அரைப் பதில். எந்தச் சூழலில் கெடுத்தது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: தனக்குச் சமமானவன் எதிரில் நிற்கும்போது.

விதி என்று பலர் சொல்வதில் கணிசமான பகுதி ஆசிரியரின் கைவேலை. நாவல் 1886இல் 'கிராஃபிக்' வார இதழில் தொடராக வந்தது. வாரத்துக்கொரு சம்பவம் தேவைப்பட்டதால் நாவலின் கலை முழுமையைக் கெடுத்துவிட்டதாக ஹார்டியே பின்னால் வருந்தியிருக்கிறார். கிழவி சரியான நேரத்தில் நீதிமன்றம் வருவது, செத்துப்போனதாக நினைத்த நியூசன் திரும்புவது, காளை துரத்துவது எல்லாம் இந்தத் தேவையின் வாசனை அடிப்பவை. ஆனால் தற்செயல்கள் எல்லாம் அவனுக்கு எதிரானவை என்று சொல்ல முடியாது. நெருக்கடி முற்றிய அதே மாலையில் ஃபார்ஃப்ரே வந்து சேர்ந்தது தற்செயல்தான். தற்கொலை செய்யப் போனவன் ஆற்றில் மிதந்த தன் கொடும்பாவியைப் பார்த்துப் பின்வாங்கியதும் தற்செயல்தான். அதிர்ஷ்டத்தின் கணக்கை இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.

ஃபார்ஃப்ரேயின் பங்கைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தனிக்கடை தொடங்கியபோது ஹென்சார்டின் வாடிக்கையாளரை ஏற்க மறுத்தான். வீட்டுச் சாமான்களை ஏலத்தில் எடுத்துவிட்டு, வேண்டியதை இலவசமாக எடுத்துக்கொள்ளச் சொன்னான். அவனிடம் குற்றமில்லை, ஆழமும் இல்லை. கடைசியில் ஹென்சார்டைத் தேடிப் போகும்போது, வெளியூரில் ஓர் இரவு தங்கினால் ஒரு சவரனில் ஓட்டை விழுந்துவிடுமே என்று கணக்குப் பார்க்கிறான். அது அவன் இயல்பு, சதி அல்ல.

ஊரின் பங்கு வேறு மாதிரி. லூசெட்டாவின் பழைய கடிதங்களை அவளிடம் சேர்க்கும்படி ஹென்சார்ட் ஜாப்பிடம் கொடுக்கிறான். தன்னால் வேலையிழந்த, காழ்ப்பு நிறைந்த ஆளிடம்! ஜாப்புக்கு லூசெட்டாமேலும் கோபம் உண்டு, சிபாரிசு கேட்டபோது அவள் மறுத்திருந்தாள். இது ஹென்சார்டுக்குத் தெரியாது. மிக்சன் லேன் மதுக்கடையில் கடிதங்கள் வாசிக்கப்படுகின்றன. அங்கிருந்து அவளையும் ஹென்சார்டையும் கேலிசெய்யும் கொடும்பாவி ஊர்வலம் கிளம்புகிறது. விஷயம் என்னவென்றே தெரியாமல் ஒரு சவரன் நன்கொடை கொடுத்த வெளியூர்க்காரன் வேறு யாருமில்லை, நியூசன். லூசெட்டா அந்த அதிர்ச்சியில் இறக்கிறாள். ஹென்சார்டின் தவறு இங்கே அலட்சியம் மட்டுமே. கொடுமை ஜாப்புடையதும் ஊராருடையதும். அன்றிரவு அவனே ஓடிப்போய் ஃபார்ஃப்ரேயை எச்சரிக்கிறான். அதே நாள் பரண்மேல் அவனைக் கொல்ல முயன்று விட்டுவிட்டவன் என்பதால் ஃபார்ஃப்ரே நம்பவில்லை.

இனி இரண்டாவது வீழ்ச்சி. இதன் வேர் சூசனின் கடிதம். ஹென்சார்டின் சொந்தக் குழந்தை விற்பனைக்குப் பிறகு மூன்று மாதத்தில் இறந்துவிட்டது. இப்போதுள்ள எலிசபெத்-ஜேன் நியூசனின் மகள், பெயர் மட்டும் அதே பெயர். சூசன் இதைக் கடிதமாக எழுதி, மகளின் திருமண நாள்வரை திறக்கக்கூடாது என்று உறைமேல் குறித்துவிட்டுச் சாகிறாள். முத்திரை சரியாக ஒட்டவில்லை. ஹென்சார்ட் படித்துவிடுகிறான், அதுவும் நான்தான் உன் அப்பா என்று அவளிடம் சொல்லி, தன் குடும்பப் பெயரை ஏற்கச் சம்மதிக்க வைத்த அதே இரவில். மறுநாள் காலை அவள் முழு மனதோடு அப்பா என்று அழைக்க வருகிறாள். அவன் உறைந்து நிற்கிறான். அதன்பின் அவளுடைய பேச்சுவழக்கிலும் கையெழுத்திலும் குறை கண்டே அவளை வீட்டைவிட்டு விலகவைக்கிறான். சூசனுக்கு இதில் பங்குண்டு, ஆனால் அவள் போட்ட ஒரே நிபந்தனையை மீறியவன் அவன்.

இந்தக் குடும்பத்தில் மூன்று பெரிய பொய்கள் இருக்கின்றன. சூசனின் மனச்சாட்சி உறுத்துவதைக் கண்டு, தான் கடலில் மூழ்கிவிட்டதாக அவள் நம்பும்படி விட்டவன் நியூசன். மகளுக்கு ஒரு வீடு கிடைக்க வேண்டும் என்று பிறப்பை மறைத்தவள் சூசன். மூன்றாவது, மகளைத் தேடிவந்த நியூசனிடம், அவள் இறந்துவிட்டாள் என்று ஹென்சார்ட் சொன்னது. முதல் இரண்டு பொய்களும் இன்னொருவரின் நன்மைக்காக. மூன்றாவது தனக்காக. யோசிக்கும் முன்னரே வாயில் வந்துவிட்டது என்பதை ஏற்கலாம்; கூடாரத்தில் வந்த அதே வேகம். ஆனால் நியூசன் போனபின் அவனைத் துரத்திப் பிடித்து உண்மையைச் சொல்ல நேரம் இருந்தது. அதற்குப் பின் மகளோடு சேர்ந்து வாழ்ந்த நாட்கள் முழுக்க ஒவ்வொரு காலையும் ஒரு வாய்ப்பு. அத்தனையையும் கடந்துவிட்டான். அவள் முன்பே அவன்மேல் இரக்கப்பட்டு அவனோடு வந்து தங்கியிருந்தாள். அவனே சொல்லியிருந்தால் மன்னித்திருக்க நல்ல சாத்தியம் இருந்தது. சொல்லாமல் ஊரைவிட்டுப் போனான். ஏமாந்த நியூசனோ பின்னால் அதை ஒரு வேடிக்கையாக எடுத்துச் சிரித்துவிடுகிறான்!

எலிசபெத்-ஜேனுக்குப் பங்கு உண்டா என்று கேட்டால், எந்தப் பதிப்பைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். திருமண நாளில் கூண்டுப் பறவையைப் பரிசாகக் கொண்டு ஹென்சார்ட் திரும்பி வருவதும், அவள் கடுமையாகப் பேசுவதும், அவன் ஒரு வார்த்தைகூடத் தன் தரப்பைச் சொல்லாமல் போவதும் 1886இல் வந்த முதல் ஆங்கிலப் புத்தகப் பதிப்பில் கிடையாது. தொடரிலும் அமெரிக்கப் பதிப்பிலும் இருந்தது. ஹார்டி பிறகு இங்கிலாந்துப் பதிப்பிலும் சேர்த்தார். அந்தப் பகுதி இல்லாமல் படித்தால் அவள்மேல் பழி ஏதும் விழாது. இருக்கும்போது, விளக்கம் கேட்காமல் தீர்ப்புச் சொன்னவள் ஆகிறாள், ஹென்சார்ட் வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குச் செய்ததைப் போலவே. அவள் பின்னர் மனம் மாறித் தேடிப் போகும்போது அவன் இறந்து அரைமணி நேரம் ஆகியிருக்கிறது. என் கணக்கில் அவளது பங்கு சிறியது: அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பொய் மட்டுமே, அதன் பின்னிருந்த பாசத்தை அவன் சொல்லவில்லை. தன்னைத் தற்காத்துக்கொள்ள அவனிடம் நிறைய இருந்தது. அன்று அவன் மறைத்தது தன் குற்றத்தை அல்ல, தன் தரப்பு நியாயத்தை. இறந்ததை அவளுக்குச் சொல்லக்கூடாது, யாரும் தன்னை நினைக்கக்கூடாது என்று எழுதிவைத்த உயிலிலும் அதே பழக்கம்தான் தொடர்கிறது.